அரைமூட்டையார் காசிக்குப் போன கதை

அந்த நாளில் காரைக்குடி முழுவதிலும் பயணத்துக்கு மூட்டை கட்டத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான், அவர் அரைமூட்டையார். மற்றவர்களெல்லாம் வீட்டையே கட்டிக்கொண்டு போனார்கள். ரங்கூன் கப்பலுக்குக் கிளம்புகிறவர்கள் பன்னிரண்டு டிரங்குப் பெட்டியும் ஊறுகாய் ஜாடியுமாக வண்டியேறும்போது இவர் தலையில் அடித்துக்கொள்வார்.

"திரும்பி வாரதா உத்தேசம் இருக்கா, இல்லை ஊரையே மாத்துறீகளா?"

அவருக்குப் பாதித் தலை வழுக்கை. அதனால் சீப்பிலும் பாதியை ஒடித்து எறிந்துவிட்டார். மூக்குக்கண்ணாடியில் ஒரு பக்கம்தான் கண்ணாடி. நன்றாகத் தெரிகிற கண்ணுக்கு எதற்குப் பாரம் என்பார். குடையில் துணி மட்டும் இருந்தது.

"கம்பு போற வழியெல்லாம் முளைச்சுக் கெடக்கு, வாத்தியாரே!"

வாத்தியார் நான்தான். அடுத்த வீடு.

இத்தனை வித்தையும் காசிக்கு நடந்து போவதற்காக. மூன்று முறை கிளம்பி, மூன்று முறையும் தடங்கல்: ஒருமுறை காய்ச்சல், இரண்டு முறை பூனை. நான்காம் முறை நல்ல நேரம் வியாழக்கிழமை அமைந்தது. கூட வரும் யாத்திரைக் கூட்டம் புறப்படுவதோ ஞாயிற்றுக்கிழமை. வழக்கப்படி வியாழனன்றே மூட்டையை என் வீட்டில் கொண்டுவந்து பரஸ்தானம் வைத்தார். மூட்டை கிளம்பிவிட்டால் ஆளும் கிளம்பியதாக அர்த்தம். நடுவில் எடுத்தால் பயணம் கெட்டுப்போகும்.

மற்றவர்கள் பத்துப் பையில் ஒன்றை வைப்பார்கள். இவருக்கு இருந்ததே அது ஒன்றுதான். மாற்று வேட்டியும் துண்டும் அதற்குள்.

வெள்ளிக்கிழமை ஊருணியில் குளிக்க இறங்கினார். கரையில் கழற்றி வைத்த வேட்டியை ஒரு பசு தின்றுவிட்டது.

"வாத்தியாரே! ஓடியாங்க!"

கழுத்தளவு தண்ணீரில் நின்று அலறினார்.

"மூட்டையை எடுத்தாரவா?"

"தொட்டீகன்னா கொலை விழும்! மூணு தரம் கெட்டது போதாதா?"

பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வரும் நாளுக்கென்று வைத்திருந்த என் புது வேட்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். பார்த்ததும் முகம் சுளித்தார்.

"எட்டு முழமா? நாலு முழம் இல்லையா?"

பல் தந்தியடிக்கிறது, பேச்சைப் பாருங்கள்! அங்கேயே சரிபாதியாகக் கிழித்து ஒரு பாதியை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அவரை அப்படியே முக்கியிருப்பேன்.

ஞாயிறு காலை மூட்டையை எடுத்துக் கொடுத்தபோது என் மனைவி தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அண்ணே, எங்க அய்யா நாச்சியாபுரத்துல படுத்த படுக்கையாக் கெடக்காக. காசி, காசின்னே சொல்லுறாக. ஒரு செம்பு கங்கைத் தண்ணி கொண்டாருவீகளா?"

"தண்ணியையா? வழியெல்லாம் ஆறு ஓடுது, ஆத்தா! எவனாவது தண்ணியைச் சுமப்பானா?"

திரும்பிப் பாராமல் போய்விட்டார். அவள் அழுதாள். நான் வாயில் வந்தபடி திட்டினேன்.

பதினோரு மாதம் கழித்து ஒரு நண்பகலில் வந்து நின்றார். சீப்பு இல்லை, கண்ணாடி இல்லை, மூட்டையே இல்லை. தலையில் வாய் அடைத்த பித்தளைக் குடம் ஒன்று.

"வழியில சிந்தும்ல, ஆத்தா. அதான் செம்புக்குக் குடமாக் கொண்டாந்தேன்."

"மூட்டையை எங்கண்ணே போட்டீக?"

"பாரம்! குடத்தோட அதையும் யாரு சுமக்குறது?"

நாச்சியாபுரத்தில் என் மாமனார் அதில் ஒரு மடக்குக் குடித்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார்.

குடத்துக்கு அடியில் சும்மாடாக இருந்தது என் பாதி வேட்டி. வெட்கத்தோடு மற்றப் பாதியையும் எடுத்து நீட்டினேன். பாரம் என்று வாங்க மறுத்துவிட்டார். இப்போதும் எந்த ஊருக்குக் கிளம்பினாலும் நான் முதலில் எடுத்து வைப்பது அதைத்தான்.