பிரேக்கில் காலி

வண்டியை ஓட வைப்பது யாராலும் முடியும். சரிவில் தள்ளிவிட்டால் போதும். நிற்க வைப்பதுதான் நாகரிகம். அந்த நாகரிகம் இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு, புத்தூருக்கும் திருப்பதிக்கும் நடுவே, வேர்க்கடலை விளைந்துகொண்டிருந்த முப்பது ஏக்கரில் தன் உச்சத்தைத் தொட்டது. நான் கண்ணால் பார்த்தேன். மினிட்ஸும் எழுதினேன்.

நிறுவனத்தின் பெயர் ஏழுமலை ஸ்பீட் சிஸ்டம்ஸ். முதலாளி புருஷோத்தமன். ஊரில் பாதிப் பேர் அமெரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் அவர் அங்கிருந்து திரும்பி வந்தார். அதனால் அவர் சொன்னதெல்லாம் 'விஷன்' ஆனது. கடலைக் கொல்லையைச் சமன் செய்து ஒன்றரை கிலோமீட்டருக்கு வளைவு வளைவாகத் தார் போட்டார். ஒரு ரேஸ் கார் வாங்கினார். ஒரு காருக்கு ஒன்பது மேனேஜர்களை வைத்தார். நான் இரவு ஷிஃப்ட் ஸ்டோர்கீப்பர். இன்ஜினியரிங்கை மூன்றாம் வருடத்தில் விட்டவன் என்பதால் 'டெக்னிக்கல் ஆள்' என்று பகல் கூட்டங்களில் குறிப்பெழுதவும் உட்கார வைத்தார்கள்.

காரை ஓட்டியவள் யமுனா. நகரிக்காரி, இருபத்திரண்டு வயது. அவளுடைய நைனாவுக்கு நாலு விசைத்தறி. கோயம்புத்தூரிலிருந்து ஒரு ரேஸ் டீம் பன்னிரண்டு நாளில் அவள் ஓட்டுவதைப் பார்க்க வருவதாக இருந்தது. நேர்ரோடு முடிகிற இடத்தில், வளைவுக்கு எழுபது மீட்டர் முன்னால் ஒரு பலகை. அந்தப் பலகையில் பிரேக் பிடித்து வளைவுக்குள் திரும்ப வேண்டும். பத்து ரவுண்டும் அதே இடத்தில், அதே மாதிரி. முடிந்தால் ஒரு வருடத்துக்கு டீமில் சீட். முடியாவிட்டால் தறி.

இதில் ஒரே ஒரு சின்னக் குறை இருந்தது. காரில் பிரேக் இல்லை.

"கீது, ஆனா இல்ல," என்றாள் யமுனா. "மொத ரவுண்டுல பஞ்சு மூட்ட மேல கால் வெச்ச மாதிரி இருக்கு. மூணாவது ரவுண்டுல பெடலு உள்ள போய்க்கினே இருக்கு. ரெண்டு மூணு தபா மிதிச்சாதான் புடிக்குது. நூத்தி இருபதுல வந்துக்கினு எத்தினி தபா மிதிக்கிறது?"

முதலாளி உடனே நடவடிக்கை எடுத்தார். சக்கரத்துக்குள்ளே தெரிகிற பிரேக் பாகங்களுக்கெல்லாம் சிவப்புப் பெயின்ட் அடிக்கச் சொன்னார். வெளிநாட்டுப் பத்திரிகையில் அப்படித்தான் இருந்ததாம்.

"இப்ப எப்படி இருக்கும்மா?"

"செவப்பா இருக்கு சார்."

பிரச்சினையின் ஆழம் அப்போதுதான் புரிந்தது. 'பிரேக் ஃபீல் மேம்பாட்டுக் குழு' கூடியது. தலைமை, மனிதவள மேனேஜர் உமாபதி. சென்னைக்காரர், வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. தெலுங்கு ஒரு சொல்லும் தெரியாது. மேசையைச் சுற்றியிருந்த மற்ற பத்துப் பேரும், முதலாளியையும் என்னையும் சேர்த்து, பல் முளைக்கும்போதே இரண்டு மொழியும் முளைத்தவர்கள்.

"ஃபீல்னு சொல்றீங்க. யாரோட ஃபீல்?" என்றார் உமாபதி.

"என்னுதுதான் சார்," என்றாள் யமுனா.

"அப்ப இது மனப்பான்மைப் பிரச்சினை."

"பெடலு தரையத் தொடுது சார்."

"பாருங்க, பெடலை நீங்க எதிர்மறையா பாக்குறீங்க."

அதையும் எழுதிக்கொண்டேன். பாதிக்கப்பட்டவரை வைத்துக்கொண்டு விவாதித்தால் நடுநிலை கெடும் என்று யமுனாவை வெளியே அனுப்பினார்கள். பிறகு மெக்கானிக்கின் கருத்தை 'எழுத்து மூலமாக' வாங்குவது என்று முடிவானது.

மெக்கானிக் தணிகாசலம். பிச்சாட்டூர்க்காரர், முப்பது வருடம் லாரி பார்த்தவர். உமாபதிக்குப் புரிய வேண்டுமே என்று, காருக்கு அடியிலிருந்து கையை மட்டும் நீட்டி, தமிழிலேயே ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தனுப்பினார்:

'பிரேக்கில் காலி இருக்குது. உடனே எடுக்கணும். பெடல் மிதிக்க ஒரு ஆள் வேணும். தணிகாசலம்.'

எங்கள் பக்கத்தில் காலி என்றால் காற்று. தெலுங்குச் சொல்தான், ஆனால் எல்லைத் தமிழனும் சைக்கிளுக்குக் காலிதான் அடிப்பான். பிரேக் குழாய்க்குள் ஆயில் மட்டுமே இருக்க வேண்டும். காற்றுக் குமிழி புகுந்துவிட்டால், மிதிக்கிற மிதியெல்லாம் குமிழியை நசுக்குவதிலேயே தீர்ந்துவிடும். சக்கரத்துக்குப் போய்ச் சேராது. ஒருவர் பெடலை மிதிக்க, இன்னொருவர் சக்கரத்தருகே திருகைத் திறந்து குமிழியை வெளியேற்ற வேண்டும். இருபது நிமிட வேலை. சீட்டில் இருந்தது அவ்வளவுதான்.

உமாபதி அதை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"பிரேக்ல வேகன்ஸி இருக்கு. பெடல் மிதிக்கவே ஆள் இல்ல. இவ்வளவு பெரிய விஷயத்தை ஏன் யாரும் எங்கிட்ட சொல்லல?"

யாரும் வாய் திறக்கவில்லை. முதலாளி செல்போனைப் பார்த்தார். பிறகு ஒரு தலை ஆடியது, மற்றவையும் ஆடின. 'தீர்மானம்: பிரேக்கில் உள்ள காலியிடத்தைப் போர்க்கால அடிப்படையில் நிரப்புவது' என்று நான் நல்ல கையெழுத்தில் எழுதினேன்.

அன்றே சுற்றறிக்கை வந்தது. காலியிடம் நிரம்பும்வரை பிரேக் சம்பந்தமான எந்த வேலையையும் பிற துறையினர் செய்யக் கூடாது. பிரேக் ஆயில் டின், பிரேக் அலுவலரின் கையெழுத்துக்கே வழங்கப்படும்.

இரண்டு நாள் கழித்து, பேப்பரில் வேலை விளம்பரமும் வந்த பிறகு, தணிகாசலம் ஸ்டோருக்கு வந்தார்.

"தம்பி, ஒரு டின்னு குடு. யமுனா மிதிக்கும், நான் காலிய எடுத்துடறேன்."

"கையெழுத்து வேணும்ண்ணா."

"யாரு கையெழுத்து?"

"அவரு இனிமேதான் வேலைக்குச் சேரணும்."

"சாவி உங்கிட்டதான கீது?"

"சாவி இருக்குண்ணா. அதிகாரம் இல்ல."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ மட்டும் படிச்சிக்கினே இருந்திருந்தா பெரிய ஆபீசரா ஆயிருப்பபா," என்றார். பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

அவர் நேராக உமாபதியிடம் போனார். "சார், காலி எடுத்துடலாமா?" அவர் 'கா'வைக் 'கங்கா'வின் கடைசி 'கா' மாதிரி அழுத்திச் சொன்னதை உமாபதி சளி என்று நினைத்துக்கொண்டார்.

"எடுத்துக்கிட்டேதான் இருக்கோம். இதுவரைக்கும் நூத்திநாப்பது பேர் அப்ளை பண்ணியிருக்காங்க."

"நூத்திநாப்பது பேரு மிதிச்சா பெடலு ஒடஞ்சிடும் சார்."

ஆறாம் நாள் காலை யமுனா பயிற்சிக்கு இறங்கினாள். ஓட்டாமல் இருந்தால் கை மறந்துவிடும் என்றாள். மூன்றாவது ரவுண்டில், எழுபது மீட்டர் பலகையில், பெடல் தரைக்குப் போனது. மறுபடி மிதிப்பதற்குள் வளைவு முடிந்துவிட்டது. கார் நேராகப் போய் டயர் வரிசையைத் தள்ளிக்கொண்டு, மிச்சமிருந்த கடலைக் கொல்லைக்குள் பாய்ந்து நின்றது. இன்னும் இரண்டு ஆள் நீளம் போயிருந்தால் மோட்டார் கொட்டகைச் சுவர்.

ஹெல்மெட்டைக் கழற்றி வாயிலிருந்த மண்ணைத் துப்பினாள். இடது மணிக்கட்டு வீங்க ஆரம்பித்திருந்தது. உமாபதி மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"பிரேக் ஃபீல் எப்படி இருந்தது?"

"கடல செடி நல்லா புடிக்குது சார்."

'மாற்று பிரேக்கிங் முறை வெற்றிகரமாகச் சோதிக்கப்பட்டது' என்று மினிட்ஸில் ஏறியது.

ஒன்பதாம் நாள் நேர்காணல். அந்த வருடங்களில் சித்தூர் ஜில்லாவில் மாட்டுச் சந்தைகளைவிட இன்ஜினியரிங் காலேஜ்கள் அதிகம். விண்ணப்பித்தவர்கள் அத்தனை பேரும் பட்டதாரிகள். அத்தனை பேரும் டை கட்டியிருந்தார்கள். கூட்டம் சாமியானாவைத் தாண்டி ரோடுவரை நின்றது.

"அஞ்சு வருஷம் கழிச்சு உங்களை எங்க பாக்குறீங்க?"

"நீங்க எங்க நிறுத்தறீங்களோ அங்க சார்."

இன்னொருவன்: "பிரஷரை எப்படி சமாளிப்பீங்க?"

"பிரஷர் இருந்தாதான சார் பிரேக்கே புடிக்கும்."

இவன் தேவைக்கு அதிகமாகத் தெரிந்தவன் என்று நிராகரிக்கப்பட்டான்.

முற்றிலும் தகுதி அடிப்படையில் பவன்குமார் தேர்வானான். பி.டெக், கம்ப்யூட்டர். முதலாளியுடைய மனைவியின் அண்ணன் மகன் என்பது கூடுதல் தகுதி.

பதினோராம் நாள் அவன் கழுத்தில் அடையாள அட்டையுடன் ஷெட்டுக்கு வந்தான்.

"உனக்கு இன்னா வேல?" என்றார் தணிகாசலம்.

"பிரேக் எக்ஸிகியூட்டிவ் அண்ணா. இன்னா பண்ணணும்னு ஒருத்தரும் சொல்லல."

"உள்ள காலி கீது. எடுக்கணும்."

"அந்தேனா?" என்றான் பவன்குமார். இவ்வளவுதானா என்று அர்த்தம். டையைத் தோளுக்குப் பின்னால் தள்ளினான், ஷூவைக் கழற்றினான். "எங்க டிராக்டருக்கு நான்தான் மிதிப்பேன். டின்னு எங்க?"

என் ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டான். டின்னைக் கொடுத்தேன். முப்பது வருட லாரிக்காரர் பெடலிலிருந்து தூரமாக இருக்கிற சக்கரத்தில் ஆரம்பித்தார். திருகில் உள்ளே தெரிகிற மாதிரி ஒரு பிளாஸ்டிக் குழாயைச் செருகி, மறுமுனையைத் தண்ணீர் பாட்டிலுக்குள் விட்டார்.

"மிதி. இன்னொரு தபா. இப்ப அமுக்கிக்கினே இரு, உட்றாத."

குழாயில் டீ நிறத்தில் பழைய ஆயில் வந்தது, நுரை நுரையாக. பிறகு பெரிய குமிழிகள், பிறகு கடுகு மாதிரி, பிறகு ஒன்றுமில்லை. நாலு சக்கரம், பத்தொன்பது நிமிடம்.

யமுனா ஏறி உட்கார்ந்து மிதித்தாள். பெடல் பாதியில் நின்றது. இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். அழுத்திய அளவுக்குத் திருப்பித் தள்ளியது. "அண்ணா, கல்லு மாதிரி கீது," என்றாள். பதினொரு நாளில் அவள் பல் தெரிந்தது அப்போதுதான்.

மறுநாள் கோயம்புத்தூர்க்காரர்கள் மூன்று பேர் ஸ்டாப்வாட்சோடு பலகையருகே நின்றார்கள். வீங்கிய கையோடு பத்து ரவுண்டு ஓட்டினாள். பத்து முறையும் பலகைக்கு நேராகக் காரின் மூக்கு இறங்கியது. சக்கரம் பூட்டிக்கொள்ளவில்லை, வால் ஆடவில்லை. வளைவுக்குள் போகப் போகக் காலை இழை இழையாக எடுத்தாள், கார் அதற்கேற்றபடி திரும்பியது. எட்டாவது ரவுண்டோடு அவர்கள் வாட்சைப் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். சீட் கிடைத்தது.

பாராட்டுக் கூட்டத்தில் உமாபதி உருகினார். "பிரேக் பிரச்சினைன்னு உலகத்துல ஒண்ணு கிடையாது. ஆள் பற்றாக்குறை மட்டும்தான் உண்டு." இதை பெங்களூர் கருத்தரங்கில் வாசிக்க அவருக்கு அழைப்பு வந்தது. பவன்குமார் சீனியர் எக்ஸிகியூட்டிவ் ஆனான். தணிகாசலத்துக்குப் 'பங்கேற்புச் சான்றிதழ்'. அவருடைய சீட்டு லேமினேட் செய்யப்பட்டு வரவேற்பறையில் தொங்கியது.

கோயம்புத்தூருக்குக் கிளம்புகிற அன்று யமுனா சொல்லிக்கொண்டு போக வந்தாள். சீட்டைப் படித்தாள்.

"அந்த சாரு இத வேல காலின்னு படிச்சிட்டாரா?"

"ஆமா."

மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"அன்னைக்கு ரூம்புல எத்தினி பேரு இருந்தீங்க?"

"பதினொரு பேர்."

"அவருக்குத் தெலுங்கு தெரியாது. மத்த பத்து பேருக்கு?"

"தெரியும்."

"உனக்கு?"

"தெரியும்."

"நான் கொல்லக்குள்ள போனனே. அப்பவுமா வாயத் தொறக்கல?"

"அன்னைக்குத்தான் அப்ளிகேஷனுக்குக் கடைசி நாள்."

அவள் மணிக்கட்டுக் கட்டைத் தடவிக்கொண்டு என்னையே பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள்.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். பத்துப் பேர் வீட்டிலும் ஆளுக்கொரு பட்டதாரி சும்மா உட்கார்ந்திருந்தான். என் வீட்டில் மச்சான் நாகேந்திரன். நேர்காணலில் இரண்டாவது இடம் வந்தான். அவனை எடுத்திருந்தால் இதை நான் எழுதியிருக்க மாட்டேன்.