கப்பல் வாத்தியாருக்கு வந்த தடித்த கவர்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாகத் தயங்கினேன். இரண்டு தடவை எழுதிக் கிழித்தும் போட்டேன். நான் படித்தது நாலாம் கிளாஸ். எண்ணெய்க் கடை வைத்துப் பிழைத்தவன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். முருகன் துணை.

கடலைக் கண்ணால் பார்க்காமல் ஆயுசு முழுக்கக் கப்பலிலேயே கழித்த மனுஷர் இந்த உலகத்தில் ஒருத்தர்தான். எங்கள் வீட்டுப் பின்கட்டில் குடியிருந்த கப்பல் வாத்தியார்!

யுத்தத்துக்கு முந்தி, புதுக்கோட்டை தனிச் சமஸ்தானமாக இருந்த காலம். அவர் பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பிரான்சு தேசத்தில் நம் தமிழ் ஓலைச்சுவடிகள் கட்டுக்கட்டாக இருக்கின்றனவாம். அங்கே போய்ப் பிரெஞ்சுப் பாஷையை முழுசாகப் படிக்க வேண்டும், அந்தச் சுவடிகளை ஆராய வேண்டும். வேறு ஆசையே அவருக்குக் கிடையாது. அதற்கு ஸ்காலர்ஷிப் கேட்டுக் கண்ட இடத்துக்கெல்லாம் மனுப் போட்டுக்கொண்டிருந்தார்.

அந்த வார்த்தைதான் வினையாகிப்போனது. என் சம்சாரம் ஒருநாள் கேட்டாள்:

"வாத்தியாரையா, ஒங்க ஸ்காலர் ஷிப்பு தொண்டிக்கு வருமா, நாகப்பட்டினத்துக்கு வருமா?"

"அது கப்பல் இல்ல தாயி. படிக்கிறதுக்குக் குடுக்குற ஒதவிப் பணம்."

"ஷிப்புன்னா கப்பல்தானுங்களே? ரங்கூன் போயிட்டு வந்த எங்கண்ணனுக்குத் தெரியாதா? ஒங்கள எவனோ ஏமாத்துறான், சூதானமா இருங்க!"

பொழுது சாயறதுக்குள் சந்து முழுக்கச் சேதி பரவி, அவர் கப்பல் வாத்தியார் ஆகிவிட்டார்.

அவரும் சும்மா இருந்தாரா? பிரெஞ்சு 'ர'வைத் தொண்டைக்குள்ளிருந்து உருட்ட வேண்டும் என்று காலையில் ஒரு மணி நேரம் உறுமுவார். அடுத்த வீட்டிலிருந்து சுக்குக் கஷாயம் வரும். அதையும் குடித்துவிட்டு மறுபடி உறுமுவார். பழைய துணிக்காரனிடம் ஒரு கம்பளிக் கோட்டு வாங்கி, குளிர் தேசத்துக்குப் பழக வேண்டும் என்று சித்திரை வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போவார். கடல் ஆட்டம் பழகுவதற்கு ஆலங்குடி போகும் மாட்டு வண்டியில் முளைக்குச்சியைப் பிடித்தபடி நின்றுகொண்டே போனார் ஒருதரம். பாதி வழியில் வாந்தி.

வண்டிக்காரர் திரும்பிப் பார்த்துக் கேட்டாராம்: "ஆலங்குடிக்கே இந்தப் பாடுன்னா, அங்கிட்டு எப்படிங்க போய்ச் சேருவீக?"

மனுக்களுக்குப் பதில் வரும். எல்லாம் மெல்லிசுக் கவர். உள்ளே ஒரே தாள், 'இல்லை' என்று. அதையும் எங்களுக்குத் தமிழில் படித்துக் காட்டுவார்.

"போன தடவை 'மிகவும் வருந்துகிறோம்'னு எழுதுனாக. இந்தத் தடவை வெறும் 'வருந்துகிறோம்'. வருத்தம் கொறைஞ்சிருக்கு பாத்தீங்களா! அடுத்த தடவை குடுத்துருவாக."

ஒரு கோடை விடுமுறைக்கு அவர் அறந்தாங்கியில் அக்கா வீட்டுக்குப் புறப்பட்டார். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "தபால் வந்தா அன்னைக்கே பஸ்காரர்ட்ட குடுத்து விட்டுருங்க. மறந்துறாதீங்க" என்றார்.

மூன்றாம் நாள் கவர் வந்தது. மெல்லிசு இல்லை. தடிமன்! இரண்டு கையாலும் வாங்கினேன். பிரிக்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது.

ஆனால் அன்றைக்குத் தேய்பிறை அஷ்டமி. யாத்திரைக்கு உண்டான நல்ல சேதியை அஷ்டமியில் கைமாற்றுவதா? கவரை முருகன் படத்தின் காலடியில் வைத்தேன். மறுநாள் நவமி. அப்புறமும் தேய்பிறைதான். பிறகு அமாவாசை, பிரதமை. ஒவ்வொரு நாளும் அதன்மேல் ஒரு பூ வைத்துக் கும்பிட்டேன். "குடுத்து விட்டுருங்கன்னுதானே சொன்னாரு?" என்றாள் சம்சாரம். "ஒனக்கு ஒண்ணும் தெரியாது, நீ இரு" என்றேன்.

பதினாலாம் நாள் வளர்பிறை சஷ்டி. தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், விபூதி, நடுவில் கவர். நானே பஸ் ஏறி அறந்தாங்கிக்குக் கொண்டுபோனேன்.

அவர் பிரித்தார். படித்தார். அதில் குறித்திருந்த ஒரு தேதியை மறுபடி பார்த்தார். தட்டைப் பார்த்தார். வாடிப்போன பூ ஒன்று கவரில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"என்ன எழுதிருக்காக?" என்றேன்.

தாள்களை மடித்துக் கவருக்குள் வைத்துக்கொண்டே, "வருந்துகிறோம்னு எழுதிருக்காக" என்றார். தட்டிலிருந்து விபூதி எடுத்துப் பூசிக்கொண்டார். சாயங்காலம் தந்தியாபீசுக்குப் போய் வந்தார். ஏதோ பள்ளிக்கூட வேலை என்றார்.

'இல்லை' என்பதற்கு எதற்கு அத்தனை தாள் என்று அப்போது நான் கேட்கவில்லை. எனக்குத் தோன்றவே இல்லை.

மறு வருஷம் யுத்தம் வந்தது. கப்பலெல்லாம் சிப்பாய்களுக்கு என்றாகிவிட்டது. டீக்கடையில் கேலி செய்வார்கள்:

"என்ன வாத்தியாரே, கப்பல் தரை தட்டிருச்சா?"

"ஆமாப்பா, தண்ணி வத்திப்போச்சு."

அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்து நானும் சிரித்தேன்.

பிறகு அவருக்கு நெஞ்சில் சளி கட்டி, ரத்தமாக வந்தது. கடைசி மாதங்களில் குளிர் ஜுரம். அந்தக் கம்பளிக் கோட்டுக்கு அப்போதுதான் முதல்தடவையாக வேலை வந்தது. அதைப் போர்த்தியபடியே போய்ச் சேர்ந்தார்.

காரியம் முடிந்து, அவருடைய அக்காளுக்குக் கொடுப்பதற்காக அவர் பெட்டியைத் திறந்தேன். தடித்த கவரும் ஒரு மெல்லிசுக் கவரும் சேர்த்துக் குண்டூசி குத்தியிருந்தன. இங்கிலீஷ் தெரிந்த தபாலாபீஸ் குமாஸ்தா படித்துச் சொன்னார். தடித்ததில், ஸ்காலர்ஷிப் கொடுத்திருக்கிறோம், இன்ன தேதிக்குள் சம்மதம் என்று தந்தி வர வேண்டும், இல்லாவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும் என்று இருந்ததாம். அந்தக் கெடு, நான் பஸ் ஏறியதற்கு நாலு நாள் முந்திய தேதி. மெல்லிசில், தங்கள் தந்தி தாமதம், இடம் அடுத்தவருக்குப் போய்விட்டது, மிகவும் வருந்துகிறோம். அதன் ஓரத்தில் வாத்தியார் பென்சிலால் எழுதியிருந்தார்: 'இந்தத் தடவை நிஜமாகவே வருந்துகிறார்கள்.'

அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஊர் அவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்திருக்கும்.

கவர் வைத்த அதே இடத்தில்தான் இன்றைக்கும் விளக்கேற்றுகிறேன். முருகனிடம் மன்னிப்புக் கேட்டால், அதை வாத்தியாரிடம் கேள் என்று சொல்வது போலிருக்கிறது.

அந்தச் சந்தில் இன்னமும், வராத கப்பலுக்குக் காத்திருந்த பைத்தியக்கார வாத்தியார் என்றுதான் கதை சொல்கிறார்கள். இதைப் படிக்கிறவர்கள் தெரிந்தவர்களிடம் சொல்லுங்கள். எனக்காக எதையும் குறைக்க வேண்டாம், அவருக்காக எதையும் கூட்டவும் வேண்டாம். கப்பல் வந்தது. பூ வைத்து அதை நிறுத்தியவன் நான். வரவில்லை என்று சொல்லி என்னைக் கரை சேர்த்தவர் அவர்.