புருசெத் இளையோர் நாள்: செயலாளர் தரும் விளக்கம்

புலம்பெயர்ந்த தமிழருக்கான புருசெத் வைகறை மன்றத்தின் செயலாளர் என்ற வகையிலே, எங்கட இளையோர் கொண்டாட்ட நாளைப் பற்றி உலாவுகிற வதந்தியளுக்கு முற்றுப்புள்ளி வைக்கிறது என்ரை கடமை. நாள் சிறப்பாக நடந்தது. அதுக்குப் பணம் தந்த நிதியத்தின்ரை சான்றிதழும் வர இருந்தது.

இதைத் தொடக்கி வைச்சது சோபிகா. எங்கட கட்டடத்திலை மூண்டாம் மாடிப் பிள்ளை, பதினெட்டு வயசு. அவளும் ஒன்பது சிநேகிதியளும் ஐஞ்சு மாசமாக் கீழை உடுப்புத் தோய்க்கிற அறையிலை, மெசின் சத்தத்துக்கு மேலாலை பாட்டுப் போட்டு ஒரு நடனம் பழகினவை. ஏழு நிமிச நடனம்.

"மாமா, எங்களுக்கு ஒரு மேடை வேணும். ஆக்களுக்கு முன்னாலை ஒருக்கா ஆடவேணும். ஆனியிலை பள்ளிக்கூடம் முடிய ஒருத்தி பேர்கன், ஒருத்தி துரொன்ட்ஹைம் எண்டு தூர ஊருகளுக்குப் படிக்கப் போயிடுவம்" எண்டாள்.

கேட்டது நியாயம்தானே? உடனை இளையோர் மகிழ்வு நிதியத்துக்கு விண்ணப்பம் போட்டம். விண்ணப்பத்தைப் பிள்ளையள் சொக்னாட் எண்டுதான் சொல்லுவினம். நிதியத்து அலுவலர் பெண்டிக், சைக்கிள் தொப்பியைக் கழட்டாமலே கதைக்கிற நல்ல வெள்ளைக்காரப் பெடியன்.

"இளையோர் தாங்களே முடிவெடுக்கிறார்களா?" எண்டு கேட்டான்.

"ஓம். நாங்கள் என்ன முடிவு எடுக்கிறமோ, அதையே அவையும் எடுப்பினம்."

"மிக நன்று. மகிழ்ச்சியை எப்படி அளப்பீர்கள்?"

"நிகழ்ச்சிக்கு முன்னுக்கு ஒரு படிவம், பின்னுக்கு ஒரு படிவம்."

"நடுவில்?"

"நடுவிலை நிகழ்ச்சி."

"அதைக் கொஞ்சம் சுருக்குங்கள். படிவம் நீளம்."

நிதி கிடைச்சுது. உடனை நிர்வாகக் கூட்டம் கூடிச்சுது. தலைவர் பரமநாதன் அண்ணை பதினாறு வருசமாத் தலைவர். தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "நிதி தந்த அலுவலரைப் பொன்னாடை போர்த்திக் கௌரவிக்கிறது தமிழர் பண்பு."

ஆர் மறுப்பினம்? ஆனால் பெண்டிக்குக்குப் போர்த்தினால் முன்னாள் தலைவருக்கும் போர்த்தவேணும். ஒரு முன்னாளுக்குப் போர்த்தினால் மற்ற நாலு முன்னாளும் முகத்தைத் திருப்பும். பந்தல்காரர், ஒலிபெருக்கிக்காரர், சாப்பாட்டுக்கு ரோல்ஸ் செய்து தாறவர் எண்டு நீண்டு, பொன்னாடை பெறுவோர் இருபத்தெட்டு. போர்த்தக் கூப்பிடாத ஆளும் கோவிக்கும், அதாலை போர்த்துவோரும் இருபத்தெட்டு. அவையளின்ரை மனுசிமார் முப்பத்தாறு. மனுசியைக் கூட்டி வராத மிச்ச இருபது வீட்டிலையும் இப்ப கதை பேச்சு இல்லையாம்.

மண்டபத்துக்குள்ளை நூறு பேருக்கு மேலை விடக்கூடாது எண்டு தீயணைப்புச் சட்டம். தொண்ணூற்றிரண்டு போக, நிதியத்தின்ரை மதிப்பீட்டாளர் ஆறு பேர். இளையோரைக் கவனிக்கிறதுக்கு எண்டு நாங்கள் எழுதிக் குடுத்த பெரியாக்கள் ரெண்டு பேர்.

"அப்ப பிள்ளையள்?" எண்டு பொருளாளர் செல்வமலர் அக்கா கேட்டா.

நான் பெண்டிக்குக்கு ரெலிபோன் எடுத்தன். அவன் பதறேல்லை. முறைப்படி ஆராய்ஞ்சான்.

"இளையோர் உள்ளே வராவிட்டால் அவர்களுக்கு ஏதும் ஆபத்து நேருமா?"

"நேராது."

"சண்டை வருமா?"

"முன்னாள் தலைவர்மார் வருகினம். ஆனால் அவை இளையோர் இல்லை."

"அப்படியென்றால் பாதுகாப்புக்கு முழுப் புள்ளி!"

இந்த நல்ல செய்தியைச் சோபிகாவுக்கு நான்தான் சொல்லவேண்டி வந்தது.

"ஹெர்ரெகுட், கடவுளே, மாமா! எங்கட நாளிலை எங்களுக்கு இடமில்லையோ?"

"நாளிலை இடமிருக்கு, பிள்ளை. மண்டபத்திலைதான் இல்லை."

அவள் என்னை ஒருக்காப் பார்த்தாள். படியாலை இறங்கிப் போயிட்டாள். என்ன செய்ய, தீர்மானம் ஏகமனதாக நிறைவேறிப் போச்சு.

குறித்த நாளிலை குறித்த நேரத்துக்கு ஒண்டரை மணித்தியாலம் பிந்தி விளக்கு ஏத்தினம். இளையோரின் எதிர்காலம் பற்றி ஏழு பேர் உரையாற்றிச்சினம். பொன்னாடை மட்டும் ரெண்டே முக்கால் மணித்தியாலம். பெண்டிக் சைக்கிள் தொப்பியோடயே போர்த்துக்கொண்டு குந்தியிருந்தான். முடிய எழும்பி வந்து கையைக் குலுக்கினான்.

"அருமை! அறிக்கைக்கு ஒரு படம் மட்டும் வேண்டும். சிரிக்கும் இளையோர், குறைந்தது பத்துப் பேர். இன்றைக்கு எடுத்ததாக இருக்க வேண்டும். படம் இல்லையென்றால் முழு நிதியையும் திருப்பித் தரவேண்டும்."

பரமநாதன் அண்ணைக்கு முகம் கறுத்துப் போச்சு. நிதி முழுக்கத் தோளுகளிலை தொங்குது, எங்காலை திருப்பிறது?

சோபிகாவின்ரை தாயைக் கேட்டம். பிள்ளையள் ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதிக்குப் போயிட்டினம் எண்டா. நானும் தலைவரும் பொன்னாடைக்கு மேலாலை குளிர்ச் சட்டையைக் கொழுவிக்கொண்டு பஸ் ஏறினம்.

கடைவாசலிலை சனம் வட்டமாக நிக்குது. நடுவிலை எங்கட பத்துப் பிள்ளையளும் ஆடுகினம். நிலத்திலை வைச்ச ஒரு சின்ன ஸ்பீக்கர், அவ்வளவுதான். உண்மையைச் சொல்லுறன், என்ன ஆட்டமடா அது! சாமான் வாங்க வந்த வெள்ளைக்காரச் சனமெல்லாம் பையளைக் கீழை வைச்சிட்டுக் கை தட்டுது. உடுப்புத் தோய்க்கிற அறைக்கு ஒரு நாளாவது இறங்கிப் பார்த்தனா நான்?

ஆட்டம் முடிய, மூச்சு வாங்கச் சிரிச்சுக்கொண்டு நிண்டவை. நான் மெல்லமாக் கிட்டப் போனன்.

"சோபிகா, குறை நினையாதை. ஒரே ஒரு படம் எடுக்க விடுங்கோ, பிள்ளை."

"சொக்னாட் போடுங்கோ, மாமா. எங்கட நிர்வாகக் குழு கூடித்தான் முடிவெடுக்கும்."

"குழுவோ? எப்ப தொடங்கினது?"

"போன கிழமை. நான்தான் தலைவி. ஆனால் நான் கையெழுத்து வைச்சாலும் ஐஞ்சு பேரைத்தான் நீங்கள் படம் எடுக்கலாம்."

"ஏன், மற்ற ஐஞ்சு பேர்?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "தன்னைத் தலைவியாப் போடேல்லை எண்டு மயூரா நாலு பேரோட பிரிஞ்சு போய் வேற குழு தொடங்கிட்டாள். அவையிட்டை நீங்கள் தனியாக் கேக்கவேணும். நான் அனுப்பினது எண்டு மட்டும் சொல்லிப்போடாதையுங்கோ."

பரமநாதன் அண்ணை என்ரை கையை இறுக்கிப் பிடிச்சார். கண் கலங்கியிருந்தது.

"செயலாளர்," எண்டார், "இனிச் செத்தாலும் பரவாயில்லை. எங்கட பிள்ளையள் எங்கட பண்பு ஒண்டையும் மறக்கேல்லை."