நடக்கும் கதிரையைத் திருப்பி எடு

வெள்ளவத்தை,
11.03.2008

அன்புள்ள மகன் ஹியூபேட்டுக்கு,

மாதாவின் காவலில், முழங்கால்களைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் நான் சுகம். யப்பானில் நீயும் மருமகளும், முழங்கால்களும் சேர்த்து, சுகமாயிருக்க மன்றாடுகிறேன். உன் கம்பனி செய்து நீ அனுப்பிய, நாலு காலால் நடக்கும் கதிரை பழுதில்லாமல் வந்து சேர்ந்தது. அதை உடனே திருப்பி எடுக்க ஆள் அனுப்பும்படி கேட்கவே இந்தக் கடிதம்.

மூன்றாம் மாடியிலிருந்து நான் இறங்கி ஒன்றரை வருடம் என்பது உனக்குத் தெரியும். எதிர் பிளாட்டின் மூன்றாம் மாடியில் இருக்கும் லுத்பியாவும் என்னைப்போல முழங்கால்காரி. ஒரே ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் நேர்ஸாக இருந்த நாங்கள், இப்போது ஒழுங்கைக்கு மேலால் பல்கனிக்குப் பல்கனி கத்திக் கதைக்கிறோம். அவளுடைய சுகரும் என்னுடைய பிரஷரும் ஒழுங்கை முழுக்கப் பாடம். எட்டிப் பார்க்க ஆளில்லாமல் தனியே கிடக்கிறாள் என்று, வருகிற சனிக்கிழமை மகள் அவளைக் கிருலப்பனையில் இருக்கும் தன் வீட்டுக்கே கூட்டிப்போகிறாளாம். அதற்கு முன் ஒருதரமாவது அவளுக்குப் பக்கத்தில் இருந்து கதைக்கவேண்டும் என்று எனக்கு ஒரே ஆசை. அதனால்தான் நேற்றுக் காலை உன் கதிரையில் ஏறி உட்கார்ந்தேன்.

குறை சொல்லக்கூடாது, படிகளில் தங்கமாக இறங்கியது. முன்னால் சாய்ந்தால் நடக்கும், பின்னால் சாய்ந்தால் நிற்கும் என்று எழுதியிருந்தாய். ஆனால் இரண்டு பிளாட்டுக்கும் நடுவில் ஆமியின் சென்றிச் சாவடி இருப்பதை மறந்துவிட்டாயே! ஆமிக்காரன் கையைக் காட்டி, "ஐடென்டி" என்றான். அடையாள அட்டை காலடியில் வைத்திருந்த பையில். எடுக்கக் குனிந்தேன், கதிரை நடந்தது. "நவத்தன்ன! நவத்தன்ன!" என்று துவக்கைத் தூக்கினான். நிற்பாட்டச் சொல்கிறான் என்று எனக்கு விளங்காதா? "புத்தே, ஐடென்டி எடுக்கத்தான் குனியிறன்!" என்று, அவனையும் மகனாக்கி, இன்னும் குனிந்தேன், அது இன்னும் வேகமாக நடந்தது, அவன் துவக்கோடு கூடவே ஓடிவந்தான், ரொட்டிக்கடைச் சனம் முழுக்க நிலத்தில் படுத்துவிட்டது. கடைசியில் பயத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பின்னால் சாய்ந்தேன். அப்போதுதான் நின்றது. உயிர் போய்த் திரும்பி வந்தது, மகன்.

பிறகு அவனுக்கு மேலான சாஜன் வந்தார். கதிரையை இரண்டுதரம் சுற்றிப் பார்த்தார். சில்லு இல்லை, ஆகவே வாகனம் இல்லை. நடந்து வந்தது, ஆகவே ஆள். ஆள் என்றால் பொலிஸில் பதிந்த வீட்டு லிஸ்டில் இருக்கவேண்டுமாம்.

"சேர், இது சாப்பிடாது, படுக்காது" என்றேன்.

"அதெல்லாம் ஃபோம்ல கேக்கிறதில்ல, அம்மா" என்று சொல்லி, என் பையிலிருந்த லிஸ்டை வாங்கி, கதிரையையும் அதில் பதிந்துவிட்டுத்தான் என்னைப் போகவிட்டார்.

லுத்பியா கதவைத் திறந்ததும், "யா அல்லாஹ், ஒங்கள சுட்டுப்போடுவாங்கன்டு பல்கனியில நின்டு துஆ கேட்டுட்டு இருந்தேன்!" என்று அழுதாள். நானும் அழுதேன். பிறகு ஒரே சோபாவில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து தேத்தண்ணி குடித்தோம். பழக்கதோஷத்தில் கத்தித்தான் கதைத்தோம்.

ஆகையால், மகன், ஐடென்டி கேட்கிற ஊருக்குக் குனிந்தால் நடக்கிற கதிரை சரிவராது. இந்தக் கிழமைக்குள் எடுத்துவிடு. மருமகளுக்கு என் அன்பு. மாதா உங்கள் இருவரையும் தன் போர்வைக்குள் வைத்துக் காப்பாளாக.

உன் அம்மா,
அன்னபாக்கியம்

பி.கு.: ஆள் அனுப்பவேண்டாம். லுத்பியா சனிக்கிழமை போகமாட்டாளாம். "என்னப் பாக்க இப்ப ஆள் வருது" என்று மகளுக்கு டெலிபோனில் சொல்லிவிட்டாள். ஐடென்டியை நான் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டாயிற்று. மேலும், லிஸ்டில் உள்ளவர் வீட்டைவிட்டுப் போனால் பொலிஸுக்கு நான் காரணம் சொல்லவேண்டும். உறவு என்ற இடத்தில் சாஜன் வேலைக்காரன் என்று எழுதப் பார்த்தார். நான் விடவில்லை, மகன் என்று எழுதச் சொன்னேன். கோபிக்காதே. நீ போனபோது உன் பெயரை வெட்டினார்களே, அந்த வரியில்தான் இடம் இருந்தது.