ஐந்தாவது மைலோ டின்

எனக்கும் ஒரு வலி வேண்டும் என்று நான் முடிவு செய்தது, ஐந்தாவது மைலோ டின் வீட்டுக்குள் வந்த அன்று.

மலேசியாவில், எங்கள் லூனாஸில் நோயாளியைப் பார்க்க யாரும் வெறுங்கையோடு வருவதில்லை; பாலில் கலக்கிக் குடிக்கும் மைலோ மாவு ஒரு டின்னாவது வரும். ஆனால் ஆறு வருடமாக என் மனைவி உமாராணிக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட்கூட வரவில்லை. உடம்பெல்லாம் வலி, சீப்பைத் தூக்கினால் கை அசந்துபோகிறது என்பாள். ரத்தப் பரிசோதனையில் ஒன்றுமில்லை. நடிப்பு என்று நான் தீர்ப்புச் சொல்லிவிட்டேன். போன மாதம் இப்படிப்பட்ட வலிக்காரர்களைப் பற்றி நிகழ்ச்சி எடுக்கத் தமிழ் டிவிக்காரர்கள் வந்தார்கள். அந்த வலிக்கு ஃபைப்ரோமயால்ஜியா என்று பெயர் இருக்கிறதாம். அவளையே பேசவைத்தார்கள். மறுநாளிலிருந்து மைலோ.

ஐந்தாவது டின்னோடு வந்த பக்கத்து வீட்டுக் காஞ்சனா என்னைத் தாண்டிப்போய் அவள் கையைப் பிடித்தாள்.

"அக்கா, எப்படித்தான் தாங்குனீங்களோ!"

"எனக்கும் முதுகு வலிக்குதுலா," என்றேன்.

"வயசாகுதுல்ல, அண்ணே."

அன்று மாலையே சோபாவில் சரிந்தேன். முனகினேன். குளியலறைக்குப் போகும்போது வலது காலும் திரும்பும்போது இடது காலும் நொண்டினேன். உமா பார்த்தாள். வெந்நீர்ப் பை கொண்டுவந்தாள்.

"ரொம்ப வலிக்குதாங்க?"

"சொன்னா நம்பமாட்ட."

"நம்புறேன். சனிக்கிழமை டிவிக்காரங்க மறுபடி வராங்க. நீங்களும் பேசுங்களேன்."

இவ்வளவு சுலபமா? சட்டைக்கு இஸ்திரி போட்டேன்.

கேமரா முன்னால் என் வலியை விவரித்தேன். எனக்கே கண் கலங்கியது. பேட்டி எடுத்த பெண் கையிலிருந்த தாளைப் பார்த்துக் கேட்டாள்: "சார், இப்படி வலியில இருக்கறவங்கள நடிக்கறாங்கன்னு சொல்றவங்களப் பத்தி என்ன நினைக்கறீங்க?"

"அவன்லாம் மனுஷனா? அவனுக்கு ஒரு வாய்ச் சோறு போடக்கூடாது!"

அந்தத் தாளை அப்போதே கவனித்திருக்கலாம். எங்கள் வீட்டு மளிகைப் பட்டியலில் இருக்கும் அதே கையெழுத்து.

ஞாயிற்றுக்கிழமை ஒளிபரப்பினார்கள். முதலில் உமா: "ஆறு வருஷமா நான் நடிக்கறேன்னு எங்க வீட்டுக்காரரு சொன்னாரு." அடுத்து நான், இஸ்திரி போட்ட சட்டையில்: "அவன்லாம் மனுஷனா?"

மறுநாள் ஆறாவது டின்னோடு காஞ்சனா வந்தாள். கையை நீட்டினேன். தாண்டிப் போனாள்.

"அக்கா, இவரையும் சேர்த்தா தாங்குனீங்க?"

அவள் போனதும் மெதுவாகக் கேட்டேன். "உமா, சாப்பாடு?"

"நான் எப்படிங்க போடறது? ஊரே கேக்கறமாதிரி நீங்களே சொல்லிட்டீங்களே."

அன்று எனக்கும் மைலோ கிடைத்தது. நானே கலக்கிக்கொண்டேன்.