பின்பக்கம் பார்க்கவும்

எழுதிக் கொடுத்ததைத் திட்டித் திருத்தச் சொல்பவர்களைச் சமாளித்துவிடலாம். "நல்லாத்தானுங்க இருக்குது" என்று ஆரம்பிப்பவர்களிடம்தான் உயிர் போகும். நான் எழுதிப் பிழைக்கக் கிளம்பிய தொண்ணூறுகளில், எங்கள் பல்லடத்தில் எல்லோருமே இரண்டாவது ரகம்.

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவள் நான். கடைகளுக்கு விளம்பரம் எழுதித் தருகிறேன் என்றதும் அம்மா ஒரே ஒரு வாய்ப்புத்தான் கொடுத்தார். "இதுவும் சரிப்பட்டு வரலீன்னா, திங்கக்கெழம பனியன் கம்பெனிக்குப் போற. தெரிஞ்சுதா கண்ணு?"

அந்த ஒரே வாய்ப்பு, பழனிச்சாமி அண்ணனின் புதுக் கிரைண்டர் கடை. திறப்பு விழா அன்று ஆட்டோவில் மைக் கட்டி ஊரெல்லாம் சொல்வதற்கு நான் எழுத வேண்டும். என் எழுத்து, ஒலிபெருக்கியில்! மூன்று நாள் சோறு இறங்கவில்லை. (பாதி சந்தோஷம், மீதி பனியன் கம்பெனி.)

அண்ணன் ஆறு தடவை வந்தார். "நல்லாத்தானுங்க இருக்குது அம்மணி. ஒரேயொரு சின்ன மாத்தம்." ஒன்றை மறந்தாலும் பனியன் கம்பெனிதான் என்ற பயத்தில், அவர் சொல்வதை ஒரு சொல் விடாமல் அப்படியே எழுதிக்கொள்வேன். (தும்மலை மட்டும் விட்டுவிட்டேன்.)

ஏழாவது தடவை, விழா அன்று காலையில், ஆட்டோ எங்கள் வாசலில் உறுமிக்கொண்டிருந்தபோது ஓடி வந்தார். தாளில் இடமில்லை. அவர் சொன்னதைப் பின்பக்கம் குறித்துக்கொண்டு, எனக்கே ஞாபகத்துக்காக முன்பக்கத்தில் 'பின்பக்கம் பார்க்கவும்' என்று கொட்டை எழுத்தில் போட்டேன். நல்ல பிரதி எழுதப் புதுத் தாள் எடுத்து வருவதற்குள், ஆட்டோவில் அறிவிப்புப் படிக்கும் மைக் செல்வராஜ் இருந்த தாளோடு கிளம்பிவிட்டார்!

செருப்புகூடப் போடாமல் ஓடினேன். பஸ் ஸ்டாண்டை நெருங்கும்போதே கணீரென்று கேட்டது:

"பெருமக்களே! சத்தமே வராதுன்னு எழுதுனதை எடுத்துருங்க! லேசா வரும்! அதை நாமளா சொல்ல வேண்டாம்! எங்க மாமனார் பேரை மொதல்ல போடுங்க! இல்லாட்டி மனுசன் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவாரு!"

(செல்வராஜ் தாளில் இருப்பதைப் படிப்பார். தான் படிப்பதைக் கேட்கும் பழக்கம் அவருக்கு இல்லை.)

கடைக்குப் போனால் கூட்டமான கூட்டம். ஒருவரும் கிரைண்டரைப் பார்க்கவில்லை. ரிப்பன் வெட்ட வந்த மாமனாரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கத்தரிக்கோலோடு திரும்பினார். "ஏனுங்க மாப்ள, நல்லாப் பாத்துச் சொல்லுங்க. மூஞ்சி எப்புடி இருக்குது?"

ஊரே சிரித்தது. மனிதர் அன்று முழுக்கச் சிரித்தபடியே நின்றார். முகம் கொஞ்சம் இறங்கினாலும் நூறு பேர் எட்டிப் பார்த்தால் அவர்தான் என்ன செய்வார்?

"அந்த லேசா சத்தம் வர்ற கிரைண்டரைப் போட்டுக் காட்டுங்க" என்றார் ஒரு அம்மா. போட்டார்கள். "நெசமாவே லேசாத்தானுங்க வருது. ஒண்ணு குடுங்க!"

வாசலில் கட்டியிருந்த வாழைமரத்தின் பின்னால் நான் ஒளிந்து நின்றேன். பழனிச்சாமி அண்ணன் நேராக அங்கேயே வந்தார்.

"அம்மணி, நல்லாத்தானுங்க இருக்குது."

கண்ணை இருட்டியது. திங்கட்கிழமை தெரிந்தது.

"ஒரேயொரு சின்ன மாத்தம். சாயங்காலம் அந்தப் பின்பக்கத்தை மொதல்ல படிக்கச் சொல்லிருங்க."

பனியன் கம்பெனிக்கு நான் போகவேயில்லை. ஆனால் இன்றும் சொந்தக்காரர் யாரையாவது குறை சொல்ல வாயெடுத்தால், அம்மா முதலில் என் கையைத்தான் பார்க்கிறார்.

"பேனாவக் கீழ வெச்சுரு கண்ணு. அப்புறஞ் சொல்றேன்."