காந்திமதிநாதனின் இரண்டாம் வகைக்கெழு

“உப்பு பாக்கத்தான வந்தேன்!” என்றார் காந்திமதிநாதன், தேங்காய்ப்பால் சொதிச் சட்டியின் மூடியைக் கையில் பிடித்தபடி.

“போன வாரமும் பாக்கத்தான் வந்தீய. சாம்பாரை வாயில வைக்க முடியல. மத்தியானம் சம்பந்தி வீட்டுக்காரங்க சாப்பிட வாராவ. பைய வெளிய போங்க” என்றாள் அவர் மனைவி கோமதி.

பாங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மனிதர் பகல் முழுக்க எங்கே போவார்? அவர் அடுத்த மூடியில் கை வைத்த நேரம், மாடி வீட்டுக் கலையரசி நோட்டும் கையுமாக வந்து நின்றாள். பதினொன்றாம் வகுப்புப் படிப்பவள்.

“மாமா, நீங்க பி.எஸ்சி. கணக்குல்லா? x² + y² = 25. இதுக்கு இரண்டாம் வகைக்கெழு வேணும். ஒங்களால முடியலன்னா டியூஷன்ல கேட்டுக்கிடுதேன்.”

முடியலன்னாவா! காந்திமதிநாதனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. படித்ததெல்லாம் எப்போதோ மறந்துபோயிருந்தது. அதைச் சொன்னால் மாடி வரைக்கும் மானம் போகும். அவளை முன்னறைக்குக் கூட்டிப் போய், அவளுக்குத் தெரியாமல் செல்போனில் ஒரு ஆன்லைன் கால்குலேட்டரைத் திறந்தார்.

“இந்தா, −x/y.”

“இது ஒரு தடவை வகையிட்டது மாமா. ரெண்டு தடவைல்லா வேணும்?”

வந்த விடையையே மறுபடி கால்குலேட்டருக்குள் போட்டார். −1/y என்றது.

“x மாறினா y-யும் மாறும்லா மாமா? அதை அப்படியே விட்டுட்டியளே.”

“தெரியும்ட்டி! நீ கவனிக்கியான்னு பாத்தேன்.”

வேறொரு தளத்துக்குப் போனார். முதலில் முடி வளரும் எண்ணெய் விளம்பரம் ஓடியது. வழுக்கையைத் தடவிக்கொண்டே பொறுத்திருந்தார். பிறகு வந்தது: −(x² + y²)/y³.

“புத்தகத்துல −25/y³ன்னு இருக்கே மாமா.”

“புத்தகம் தப்பு!”

“அப்ப டீச்சர்ட்ட சொல்லிரட்டுமா? மாமா சொன்னாவன்னு?”

“பொறுட்டி!” என்று மறுபடி போனைத் தட்டினார். இன்னொரு தளம் கார்டு நம்பர் கேட்டது. அதற்கடுத்ததில் போனே அசையாமல் நின்றுவிட்டது. “சனியன்!” என்று அதைச் சோபாவில் எறிந்துவிட்டு, பேனாவை எடுத்துக் கேள்வியையே முறைத்தார்.

x² + y² தானே 25! கேள்வியிலேயே கிடக்கிறதே! ரெண்டும் ஒரே விடைதான். அட கூறுகெட்ட மனுசா!

“ஏட்டி கலை!” என்று கூப்பிட்டால் ஆளைக் காணோம். தாளைத் தூக்கிக்கொண்டு, சின்னப் பையன் மாதிரி சமையலறைக்கு ஓடினார்.

உள்ளே கலையரசி அப்பளத்தைக் கடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்:

“அத்தை, சொதி இறக்கியாச்சா? இன்னும் நேரமாகும்னா சொல்லுங்க, மாமாவுக்கு மூணாம் வகைக்கெழு குடுக்கேன்.”